குழாய் நீண்டால் ஹீட் பம்புக்கு என்ன ஆகிறது?

கோடையில் அறையைக் குளிர்விக்கும் ஏசியே திசை மாறி ஓடிக் குளிர்காலத்தில் சூடாக்கவும் செய்தால் அது ஹீட் பம்ப். வெளியே ஒரு யூனிட், அறைக்குள் ஒரு யூனிட் என்று பிரித்து, இடையே இரண்டு செம்புக் குழாய்களால் இணைப்பது ஸ்பிளிட் வகை. அதனுடன் வரும் கையேட்டில், நடுப்பக்கம் ஒன்றில் சின்ன அட்டவணை இருக்கும். ‘அதிகபட்சக் குழாய் நீளம்: 30 மீட்டர்’ என்பதுபோல அதில் ஒரு வரி. சிறிய கருவி என்றால் 15 அல்லது 20, பெரியது என்றால் 50 அல்லது அதற்கும் மேல். இந்த வரியை வாங்குகிறவரும் பொருத்துகிறவரும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் படிக்கிறார்கள்: 30 வரை போகலாம், 28 மீட்டர்தானே வருகிறது, கவலையில்லை.

அந்த வாசிப்பு தவறு. கம்ப்ரசர் எண்ணெய் வற்றாமல், திரவம் புகுந்து உடையாமல் ஓடுவதற்கான எல்லைதான் அந்த எண். விளம்பரத் தாளில் போட்டிருக்கும் கிலோவாட்டும் சிஓபி-யும் (செலவாகும் மின்சாரத்தைப் போல எத்தனை மடங்கு வெப்பம் கிடைக்கிறது என்ற விகிதம்) அந்த நீளத்திலும் கிடைக்கும் என்று அது எங்கேயும் சொல்லவில்லை. திறன் எண்கள் அளக்கப்படும் இடமே வேறு. வட அமெரிக்காவில் புழங்கும், ஏஎச்ஆர்ஐ என்ற குளிர்பதனத் தொழில் அமைப்பின் 210/240 தரநிலையை எடுத்துக்கொண்டால், சோதனைக் கூடத்தில் இரண்டு யூனிட்டுகளையும் இணைப்பது 25 அடிக் குழாய், அதாவது சுமார் 7.6 மீட்டர். அட்டைப்பெட்டியில் ஒட்டியிருக்கும் திறன், அந்த ஏழரை மீட்டருக்கான திறன். அதைத் தாண்டிய ஒவ்வொரு மீட்டருக்கும் ஏதோ ஒரு வடிவில் விலை உண்டு. அந்த விலை குளிரூட்டும்போது ஒரு மாதிரியும் சூடாக்கும்போது வேறு மாதிரியும் இருப்பதுதான் பலருக்கும் குழப்பம் தருவது.

இரண்டு குழாய்களையும் முதலில் பார்த்துவிடலாம். தடிமனான குழாயில் வாயு ஓடும், மெல்லியதில் திரவம். குளிரூட்டும்போது தடிமனான குழாய் உறிஞ்சு குழாய்: வெப்பத்தைச் சுமந்து சுற்றிவரும் குளிர்பொருள் அறைக்குள் ஆவியாகி, குளிர்ந்த, அழுத்தம் குறைந்த வாயுவாக வெளியே இருக்கும் கம்ப்ரசருக்குத் திரும்புகிறது. சூடாக்கும் நிலைக்கு மாறியதும் நால்வழி வால்வு திசையைத் திருப்பிவிடும். அதே குழாயில் இப்போது கம்ப்ரசரிலிருந்து நேராகப் புறப்பட்ட கொதிவாயு, உயர் அழுத்தத்தில், உள்ளே போகிறது. செம்பும் அளவும் மாறவில்லை. ஆனால் உள்ளே ஓடும் பொருளின் அடர்த்தி, வெப்பம், திசை எல்லாமே மாறிவிட்டன. ஏசிக்கு எழுதப்பட்ட குழாய் விதிகளை அப்படியே ஹீட் பம்புக்குப் பொருத்தினால் பாதிதான் சரியாக வரும்.

உராய்வு எங்கே கடிக்கிறது

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆர்-410ஏ என்ற குளிர்பொருள் நிரப்பிய 5 கிலோவாட் கருவி, வாயுக் குழாய் அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீட்டர். முழு வேகத்தில் குளிரூட்டும்போது நொடிக்கு ஏறத்தாழ 30 கிராம் குளிர்பொருள் இந்தக் குழாய் வழியாகப் போக வேண்டும். வாயு மெலிதாக இருப்பதால் அது நொடிக்கு 9 மீட்டர் வேகத்தில் ஓடும். இந்த வேகத்தில் மீட்டருக்குச் சுமார் 2 கிலோபாஸ்கல் அழுத்தம் உராய்வில் போய்விடுகிறது. ஏழரை மீட்டரில் 16 கிலோபாஸ்கல் மட்டும், பொருட்படுத்த வேண்டியதில்லை. 30 மீட்டரில் 60-ஐத் தாண்டுகிறது.

60 கிலோபாஸ்கல் அதிகமா, குறைவா? அழுத்தமாக வைத்துப் பார்த்தால் தெரியாது. அதை ஆவியாகும் வெப்பநிலையாக மாற்றிப் பார்க்க வேண்டும். 5 டிகிரி செல்சியஸ் அருகில் ஆர்-410ஏ-யின் அழுத்தம் டிகிரிக்கு ஏறத்தாழ 29 கிலோபாஸ்கல் மாறும். அப்படியானால் நமது குழாய் 2 டிகிரிக்குக் கொஞ்சம் மேல் தின்றுவிட்டது. அறை யூனிட்டில் இருக்கும் ‘காயில்’ (குளிர்பொருள் ஆவியாகும் சுருள்குழாய்) 7 டிகிரியில் இயங்கினாலும், 5 டிகிரியில் இயங்குவதாகவே கம்ப்ரசருக்குத் தெரியும். கம்ப்ரசர் ஒரு கன அளவு இயந்திரம். ஒரு சுற்றுக்கு இத்தனை கன சென்டிமீட்டர் என்றுதான் அது உறிஞ்சும். வரும் வாயு நீர்த்திருந்தால் அதே சுற்றில் குறைந்த கிராம்தான் உள்ளே வரும். அதோடு தாழ்ந்த அழுத்தத்திலிருந்து மேலே தூக்க வேண்டியிருப்பதால் ஒவ்வொரு கிராமுக்கும் கூடுதல் மின்சாரம் ஆகிறது. உறிஞ்சு குழாயில் 1 டிகிரி இழந்தால் திறனில் 3 முதல் 4 சதவீதம் போகும், ஒரு கிலோவாட் குளிர்ச்சிக்கான மின்செலவும் ஏறத்தாழ அதே அளவு ஏறும் என்பது குளிர்பதனப் பொறியாளர்கள் வெகுகாலமாகப் பயன்படுத்தும் கணக்கு. 1 டிகிரி அளவோடு நிற்கும்படி உறிஞ்சு குழாயைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதற்கும் அதுவே காரணம்.

இந்த டிகிரிக் கணக்கு குளிர்பொருளுக்குக் குளிர்பொருள் மாறும். அதே 60 சொச்சம் கிலோபாஸ்கலை ஆர்-22-இல் இழந்தால் மூன்றரை டிகிரி, ஆர்-134ஏ-யில் 5 டிகிரி. அழுத்தம் உயர்ந்த ஆர்-410ஏ, ஆர்-32 வந்தபிறகு மெல்லிய குழாய்கள் போதுமானவை ஆனதன் ரகசியம் இதுதான்.

இனி அதே குழாயைச் சூடாக்கும் நிலையில் பார்ப்போம். இப்போது அதில் ஓடும் வாயு 2,500 கிலோபாஸ்கலுக்கு மேல் அழுத்தப்பட்டது. அடர்த்தி இரண்டரை மடங்கு. வேகம் தானாகவே குறைகிறது. 30 மீட்டருக்கும் சேர்த்து இழப்பு 25 கிலோபாஸ்கல் அளவுக்கு இறங்குகிறது. 40 டிகிரியில் ஆர்-410ஏ-க்கு ஒரு டிகிரி என்பது 57 கிலோபாஸ்கல் என்பதால், அரை டிகிரிகூடத் தேறாது. ஆவியாக்கும் காயிலும் கம்ப்ரசரும் இப்போது வெளி யூனிட்டுக்குள்ளேயே பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. நீண்ட உறிஞ்சு குழாய் என்ற பேச்சே இல்லை. உராய்வை மட்டும் பார்த்தால், நீண்ட குழாய் கோடைக்காலப் பிரச்சினை. பல உற்பத்தியாளர்களின் திருத்த அட்டவணைகளில் நீளத்துக்கான குறைப்பு குளிரூட்டலில் கடுமையாகவும் சூடாக்கலில் மென்மையாகவும் இருப்பதைப் பார்க்கலாம்.

நீளம் என்று சொல்லும்போது டேப் காட்டும் நீளம் போதாது. ஒவ்வொரு எல்போவுக்கும் அதற்குச் சமமான நேர்க்குழாய் நீளத்தைச் சேர்க்க வேண்டும். இந்த அளவுக் குழாய்களில் ஒரு வளைவு அரை மீட்டர் வரை கணக்கில் ஏறலாம். பத்து திருப்பம் போட்ட 25 மீட்டர் வழி, தாளில் 25 ஆக இருந்தாலும் கம்ப்ரசருக்கு 30 தான். இறுக்கி மடக்கி நசுங்கிய ஒரே ஒரு வளைவு இந்த எல்லாக் கணக்கையும் கெடுத்துவிடும்.

குழாயைப் பெரிதாக்கினால் போதாதா?

உடனே தோன்றுவது இதுதான். கணிதமும் ஆசை காட்டும்: ஒரே ஓட்டத்துக்கு உராய்வு இழப்பு, உள்விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதம். அரை அங்குலத்திலிருந்து 5/8 அங்குலத்துக்குப் போனால் இழப்பு மூன்றில் ஒரு பங்காகிறது. நமது 60 சொச்சம், 20 ஆகிவிடும். 30 மீட்டருக்கு 0.7 டிகிரி மட்டுமே. பிரச்சினை தீர்ந்ததுபோலத் தெரியும்.

தீரவில்லை, ஏனென்றால் குழாயில் குளிர்பொருள் மட்டும் ஓடவில்லை. கம்ப்ரசரின் உயவு எண்ணெயில் ஒரு பகுதி எப்போதும் வாயுவோடு சேர்ந்து வெளியேறிக்கொண்டே இருக்கும். அது சுற்று முழுதும் பயணித்துத் திரும்பி வர வேண்டும். திரும்பக் கொண்டுவர எந்தப் பம்பும் கிடையாது. குழாய்ச் சுவரில் படலமாக ஒட்டியிருக்கும் எண்ணெயை வாயுவின் வேகம்தான் தள்ளிக்கொண்டு வருகிறது. கிடைமட்டக் குழாயில் நொடிக்கு இரண்டரை மீட்டர், மேல்நோக்கி ஏறும் குழாயில் 5 மீட்டர் என்பது வழக்கமான குறைந்தபட்ச அளவு. நமது பெரிய குழாயில் முழு வேகத்திலேயே நொடிக்கு ஐந்தரை மீட்டர்தான். தேவைக்கேற்பக் கம்ப்ரசரின் வேகத்தை மாற்றும் இன்வெர்ட்டர் பாதி வேகத்துக்கு இறங்கினால் 3-க்கும் கீழே. வெளி யூனிட் மொட்டைமாடியிலும் உள் யூனிட் மூன்று தளம் கீழேயும் இருந்தால், ஏறு குழாயின் அடியில் எண்ணெய் தேங்க ஆரம்பிக்கும். கம்ப்ரசர் கொஞ்சம் கொஞ்சமாகக் காயும். இது ஒரே நாளில் தெரியாது. இரண்டு மூன்று பருவம் கழித்துத் தெரியும், அப்போது குழாய் அளவு யாருடைய நினைவிலும் இருக்காது.

ஆகவே வாயுக் குழாயின் அளவைத் தீர்மானிக்கும் உரிமை பொருத்துகிறவருக்குக் கிடையாது என்பது என் உறுதியான கருத்து. கையேடு எந்த அளவைச் சொல்கிறதோ அதுவே. சில மாடல்களுக்கு நீண்ட வழியில் ஒரு படி பெரிய குழாய் போட உற்பத்தியாளரே அனுமதிப்பார். அந்தக் கருவியின் மென்பொருளில், சில மணி நேரத்துக்கு ஒருமுறை வேகத்தை உயர்த்தி எண்ணெயை அடித்து வரும் ஏற்பாடு இருக்கும். அந்த அனுமதி இல்லாத கருவியில் பெரிய குழாய் போடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பது.

ஏறு குழாயில் போடும் ‘யு’ வடிவ எண்ணெய்ப் பொறியும் இதே வகைதான். ஒரே திசையில், ஒரே வேகத்தில் ஓடும் பழைய குளிர்பதன அமைப்புகளில் அது உதவியது. திசை மாறும் ஹீட் பம்பில் பொறி ஒரு பக்கத்துக்குத்தான் வேலை செய்யும். மறுபக்க ஓட்டத்தில் எண்ணெயைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வேண்டாம் என்று எழுதியிருக்கும் கையேடுகளும் உண்டு, கட்டாயம் என்று எழுதியிருக்கும் கையேடுகளும் உண்டு. பொதுவிதி தேடாமல் கையில் இருக்கும் கருவியின் தாளைப் படிக்க வேண்டிய இடம் இது.

மெல்லிய குழாயில் வேறு கதை

திரவக் குழாயில் நீளத்தைவிட உயரம்தான் பெரிய எதிரி. ஆர்-410ஏ திரவம் ஏறத்தாழத் தண்ணீர் அளவுக்கே அடர்த்தியானது. ஒரு மீட்டர் மேலே தூக்க 10 கிலோபாஸ்கல் செலவாகும். 10 மீட்டருக்கு 100. திரவம் அழுத்தத்தை இழந்துகொண்டே போய், அதன் கொதிநிலையைத் தொட்டுவிட்டால் குழாய்க்குள்ளேயே குமிழி விட்டுவிடும். திரவத்தின் அழுத்தத்தைக் குறைத்துக் காயிலுக்குள் விடும் விரிவு வால்வுக்குத் திரவம் மட்டும் போக வேண்டிய இடத்தில் திரவமும் வாயுவும் கலந்து போனால், வால்வு திணறும், காயில் பட்டினி கிடக்கும். இதைத் தடுப்பது சப்கூலிங், அதாவது திரவம் அதன் கொதிநிலைக்கு எத்தனை டிகிரி கீழே குளிர்ந்திருக்கிறது என்ற இருப்பு. 10 மீட்டர் ஏற்றம் இந்த இருப்பில் ஒன்றேமுக்கால் டிகிரியைச் செலவழிக்கும். 5 டிகிரி இருப்பு உள்ள அமைப்பு இதைத் தாங்கும். 20 மீட்டர் ஏற்றமும் நீண்ட உராய்வும் சேர்ந்தால் இருப்பு காலியாகிவிடும்.

எந்தத் திசையில் ஏற்றம் என்பதைக் கவனிக்க வேண்டும். வெளி யூனிட் மேலே, உள் யூனிட் கீழே என்றால் குளிரூட்டும்போது திரவம் இறங்குகிறது. புவியீர்ப்பு நமக்குச் சாதகம். சூடாக்கும்போது அதே திரவம் அறையிலிருந்து மாடிக்கு ஏற வேண்டும். கோடையில் நன்றாக ஓடிய கருவி குளிர்காலத்தில் தடுமாறினால் இதையும் சந்தேகப் பட்டியலில் வைக்கலாம்.

இதற்கு ஒரு விலக்கு. சுவரில் மாட்டும் பெரும்பாலான மினி ஸ்பிளிட்டுகளில் மின்னணு விரிவு வால்வு வெளி யூனிட்டிலேயே இருக்கும். குளிரூட்டும்போது மெல்லிய குழாயில் போவது ஏற்கனவே விரிந்து குளிர்ந்த கலவை. அங்கே இழக்கும் அழுத்தம் எப்படியும் இழக்க வேண்டிய அழுத்தம்தான். வால்வு கொஞ்சம் கூடுதலாகத் திறந்து ஈடுகட்டிவிடும். பதிலுக்கு, மெல்லிய குழாயும் சில்லென்று இருப்பதால் அதற்கும் தனி இன்சுலேஷன் வேண்டும். இரண்டு குழாயையும் ஒரே உறைக்குள் சேர்த்துக் கட்டினால் ஒன்றின் வெப்பத்தை மற்றொன்று வாங்கிக்கொள்ளும்.

நிரப்பும் அளவு

நான் பார்த்தவரையில் நீண்ட குழாயின் மீது சுமத்தப்படும் பழியில் பெரும்பங்கு உண்மையில் இங்கேதான் இருக்கிறது. தொழிற்சாலையில் நிரப்பி வரும் குளிர்பொருள், குறிப்பிட்ட நீளத்துக்கானது. பல கருவிகளில் 5 முதல் 10 மீட்டர். அதற்கு மேல் மீட்டருக்கு இத்தனை கிராம் என்று சேர்க்க வேண்டும். கால் அங்குலத் திரவக் குழாய்க்கு ஏறத்தாழ 20 கிராம், 3/8 அங்குலத்துக்கு 50 கிராம். குழாயின் உள்ளளவையும் திரவத்தின் அடர்த்தியையும் பெருக்கினாலே இந்த எண்கள் வந்துவிடும். ஏழரை மீட்டருக்கு நிரப்பிய கருவியில் 30 மீட்டர் கால் அங்குலக் குழாய் போட்டால், கூடுதல் இருபத்திரண்டரை மீட்டருக்கு 450 கிராம். மொத்தமே ஒன்றேகால் கிலோ கொண்ட கருவியில் இது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். சேர்க்காமல் விட்டால், 30 மீட்டர் செம்பின் உராய்வு தரும் இழப்பெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிடும். அறை சூடாகாது, கம்ப்ரசர் சூடாகும். எடைத் தராசு வைத்துக் கிராம் கணக்கில் சேர்க்க வேண்டியதை, அழுத்தமானியைப் பார்த்து உத்தேசமாக ஏற்றுவதை மன்னிக்க முடியாது.

சரியாகச் சேர்த்தாலும் அந்தக் கூடுதல் திரவம் தன் பங்குக்குச் சிக்கல் தரும். கருவி நின்றிருக்கும் நேரத்தில் குளிர்பொருள், இருப்பதிலேயே குளிர்ந்த இடம் தேடிப் போகும். குளிர்காலத்தில் அது வெளியே நிற்கும் கம்ப்ரசர். அங்கே எண்ணெயில் கரைந்து காத்திருக்கும். ஓட ஆரம்பித்ததும் எண்ணெய் நுரைத்துப் பொங்கி, பேரிங்குகளைக் கழுவிக்கொண்டு வெளியேறும். நீண்ட அமைப்புகளில் கம்ப்ரசரின் அடியைச் சூடாக வைக்கும் ஹீட்டரும் திரவத்தைப் பிடித்து வைக்கும் அக்யுமுலேட்டரும் கட்டாயமாவது இதனால். மின்சாரம் மிச்சம் என்று அந்த ஹீட்டரின் இணைப்பைத் துண்டித்துவிடக் கூடாது.

ஆர்-32 போன்ற, லேசாகத் தீப்பற்றும் குளிர்பொருள் என்றால் பாதுகாப்பும் சேர்கிறது. மொத்த எடை ஓர் அளவைத் தாண்டும்போது, உள் யூனிட் இருக்கும் அறைக்குக் குறைந்தபட்சப் பரப்பளவு தேவைப்படும். நீண்ட குழாய்க்காகச் சேர்க்கும் கிராம்கள் ஒரு சிறிய படுக்கையறையை அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடக்கூடும்.

குளிர்காலத்தின் கணக்கு

உராய்வில் தப்பித்த சூடாக்கும் நிலை, வெப்பத்தில் மாட்டிக்கொள்கிறது. கம்ப்ரசரிலிருந்து புறப்படும் வாயு 70, 80 டிகிரியில் இருக்கும், வெளியே பூஜ்ஜியம். அரை அங்குலக் குழாய்க்கு 13 மில்லிமீட்டர் தடிமன் நுரை உறை போட்டால், 70 டிகிரி வித்தியாசத்தில் மீட்டருக்கு ஏறத்தாழ 13 வாட் வெளியேறும். வெறும் செம்பு என்றால் 30 வாட், காற்றடித்தால் இன்னும் அதிகம். வெளிச்சுவரில் 20 மீட்டர் ஓடும் குழாய், நல்ல உறையோடும் 250 வாட்டைத் தெருவுக்குக் கொடுக்கிறது. 5 கிலோவாட்டில் 5 சதவீதம். இந்த வெப்பத்துக்கான மின்சாரத்தைக் கம்ப்ரசர் ஏற்கனவே செலவழித்துவிட்டது என்பதால் சிஓபி-யும் அதே விகிதத்தில் இறங்கும்.

சூடாக்கும்போது மெல்லிய குழாய் இழக்கும் வெப்பம் அப்படியல்ல. அது அறைக்குத் தர வேண்டியதைத் தந்துவிட்டுத் திரும்பும் திரவம். வழியில் இன்னும் கொஞ்சம் குளிர்ந்தால் வெளிக் காயிலில் அதற்கேற்பக் கூடுதல் வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். உறைக்குச் செலவழிக்கப் பணம் அளவாகத்தான் இருக்கிறது என்றால் தடிமனான உறையை முதலில் வாயுக் குழாய்க்குக் கொடுங்கள்.

இப்போது இன்வெர்ட்டரை நினைவுக்குக் கொண்டுவருவோம். பருவத்தின் பெரும்பகுதி நேரம் கருவி முழு வேகத்தில் ஓடுவதில்லை. ஓட்டம் பாதியானால் உராய்வு இழப்பு கால்வாசியாகிவிடும். அது கடும் வெயில் நாட்களில் மட்டும் முகம் காட்டும் இழப்பு. குழாயின் வெப்ப இழப்புக்கு இந்தக் கருணை இல்லை. 2 கிலோவாட்டில் மெதுவாக ஓடும்போது வாயு கொஞ்சம் குளிர்ந்து, இழப்பு 250-லிருந்து 180 வாட்டுக்கு இறங்கலாம். ஆனால் 2 கிலோவாட்டில் 180 என்பது 9 சதவீதம். உறை கிழிந்தோ வெயிலில் பொடிந்தோ மழையில் ஊறியோ போயிருந்தால் அதைவிட இன்னும் அதிகம். நீண்ட குழாய் உள்ள வீட்டில் குளிர்கால மின்கட்டணம் எதிர்பார்த்ததைவிடத் தொடர்ந்து கூடுதலாக வருகிறது, கருவியில் குறை எதுவும் தெரியவில்லை என்றால், நான் முதலில் பார்ப்பது அந்தக் கறுப்பு நுரை உறையைத்தான்.

இடம் முடிவாகாத நிலையில் பேசுவதென்றால், வெளி யூனிட்டை வீட்டைச் சுற்றி அடுத்த சுவருக்கு நகர்த்துவதுதான் மலிவான திருத்தம். மின்கம்பியை 20 மீட்டர் நீட்டுவது, செம்பை 20 மீட்டர் நீட்டுவதைவிட எல்லா வகையிலும் எளிது. தண்ணீரைச் சூடாக்கும் அமைப்பு என்றால் குளிர்பொருள் முழுவதும் வெளியேயே இருக்கும் மோனோபிளாக் வகையை யோசிக்கலாம். தூரத்தைத் தண்ணீர்க் குழாய் கடக்கும், எண்ணெய்க் கவலை இருக்காது. வெப்ப இழப்பு அங்கேயும் உண்டு, உறைபனியிலிருந்து தண்ணீரைக் காக்கவும் வேண்டும்.

இதற்காகக் குழாயை எவ்வளவு குறைக்கலாமோ அவ்வளவும் குறைப்பதும் சரியல்ல. பல கருவிகளுக்கு 3 மீட்டர் அளவில் குறைந்தபட்ச நீளமும் உண்டு. அதற்குக் கீழே போனால் அதிர்வும் இரைச்சலும் உள்ளே வரும். மிச்சக் குழாயைச் சுருட்டி யூனிட்டின் பின்னால் வைக்க நேர்ந்தால் சுருள் படுக்கையாக இருக்கட்டும். நிறுத்தி வைத்த சுருளின் ஒவ்வொரு வளையமும் ஓர் எண்ணெய்ப் பொறி.

ஏற்கனவே பொருத்திய கருவியைச் சோதிக்க இரண்டு கவ்வு வெப்பமானிகள் போதும். சூடாக்கும் நிலையில் அரை மணி நேரம் ஓடவிட்டு, தடிமனான குழாயின் வெளி முனையிலும் உள் முனையிலும் செம்பின் மேல் நேராகக் கவ்வி, மேலே நுரையைப் போர்த்திவிட்டு அளக்க வேண்டும். மேலே சொன்ன 5 கிலோவாட் கருவியில், நல்ல உறையோடு 20 மீட்டருக்கு முழு வேகத்தில் 8 டிகிரி அளவு விழும். மெதுவாக ஓடும்போது 15 வரை போகலாம். முழு வேகத்திலேயே 20 டிகிரி விழுந்தால் உறையை மாற்றலாம். வித்தியாசம் சரியாக இருந்தும் அறை சூடாகவில்லை என்றால், குளிர்பொருளை முழுவதும் மீட்டெடுத்து எடை போட்டு, பெயர்ப்பலகை அளவோடு கூடுதல் மீட்டருக்கான கிராம்களையும் சேர்த்து மறுபடி நிரப்பச் சொல்லலாம். இந்த இரண்டையும் குழாயைத் தொடாமலே சரிசெய்துவிட முடியும்.